நரம்பில் ஓடும் தந்தியும் நாகத்தின் விஷமும்

சித்திரை மாதத்து உச்சிவேளையில் ஸ்ரீரங்கத்துப் பெரிய கோயிலில் நிழலை விட்டு, வெயில் காய்ந்த கல்தளத்தின்மேல் வெறுங்காலை வைப்பவர், அக்காலை உடனே வெடுக்கென எடுத்துக்கொள்கிறார். சுடுகின்றது என்று மனம் அறிந்து, காலை எடுக்கவேண்டும் என்று எண்ணி, அதன்பின் எடுத்தாரல்லர். எண்ணம் எழுவதற்கு முன்னரே கால் எழுந்துவிடுகின்றது. உள்ளங்காலிற் பட்ட சூடு ஒரு செய்தியாகி முதுகந்தண்டை அடைந்து, அங்கிருந்து தொடைத் தசைகளுக்குக் கட்டளையாகத் திரும்பி வருவதற்குள் ஒரு விநாடியில் ஒரு சிறு பங்கே கழிகின்றது. இச்செய்தியைத் தாங்கிச் செல்லும் தந்திக்கம்பியே நரம்பு.

அதே ஸ்ரீரங்கத் தீவில், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட வாழைத்தோட்டங்களிலும் நெல்வயல்களிலும், திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த ஏனைய கிராமங்களிலும், இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் குடியானவருக்கும், வெக்கை தாளாது வெறுந்தரையிற் பாய் விரித்து உறங்குவோருக்கும் ஓர் அபாயம் உண்டு. அது கட்டுவிரியனும் நல்லபாம்பும் தீண்டுவதாம். இவ்விரு பாம்புகளின் விஷம் உயிரைக் கவர்வது எவ்வாறு என்று விசாரித்தால், மேற்சொன்ன நரம்பின் செய்தியைத் தசைக்குச் சேரவொட்டாமல் தடுப்பதனாலேயே என்பது விளங்கும். ஆதலின், நரம்பு தொழில்படும் முறையை ஓரளவேனும் அறிந்து வைத்தல் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் பயன் தரும். அம்முறையை அறிந்தவர், கடியுண்டவருக்கு எது உதவும், எது உதவாது என்பதைத் தாமே தெளிந்துகொள்ளலாம்.

நரம்பு என்பது யாது?

உலக வழக்கில் நரம்பு என்று சொல்லப்படுவனவற்றுள், கையின் புறத்தே நீலமாகப் புடைத்துத் தோன்றுவன இரத்தக் குழாய்களேயாம். அவை நரம்புகள் அல்ல. உண்மையான நரம்பு வெண்ணிறமானது, கயிறு போன்றது. கயிற்றில் பல புரிகளும், ஒவ்வொரு புரியிலும் பல நார்களும் அமைந்திருப்பதுபோல, பெரிய நரம்பு ஒன்றினுள் ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வோர் இழையும் ஓர் உயிரணுவின் நீண்ட வால் ஆகும். இழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஐம்பதில் ஒரு பங்கு வரையில் இருக்கும். நீளமோ, இடுப்பிலிருந்து கால்விரல் வரையிற் செல்லும் இழைகளில் ஏறக்குறைய ஒரு மீட்டரை எட்டும்.

இவ்விழைகள் இருவகைப்படும். தோல், கண், காது முதலியவற்றிலிருந்து செய்தியை உள்ளே கொண்டு செல்வன ஒருவகை; மூளையிலிருந்தும் முதுகந்தண்டினுள் உள்ள தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டு வருவன மற்றொரு வகை. கோயில் தளத்திற் கால் சுட்டபோது இவ்விரு வகையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழில்பட்டன.

தவளைக்காலிற் கண்ட உண்மை

நரம்பில் ஓடுவது மின்சாரத்தோடு தொடர்புடையது என்பதை முதன்முதலாக உலகிற்குக் காட்டியவர் இத்தாலி தேசத்துப் போலோஞா நகரில் வாழ்ந்த லூயிஜி கால்வானி என்னும் பண்டிதர். அறுத்தெடுத்த தவளைக்காலின் நரம்பை மின்சாரம் தீண்டியபோது, உயிரற்ற அக்கால் துள்ளுவதை அவர் கண்டார். தம் ஆராய்ச்சியை 1791-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

ஆயினும் அச்செய்தியின் வேகம் அளவிடற்கரியது என்றே அறிஞர் பலர் அதன்பின்னும் எண்ணியிருந்தனர். 1850-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளையின் நரம்பை முதலில் தசைக்கு அருகிலும், பின்னர்த் தசைக்குத் தொலைவிலும் தூண்டி, தசை சுருங்குவதற்குப் பிடித்த கால வேறுபாட்டைக் கணக்கிட்டார். வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர் எனத் தெரியவந்தது. செம்புக் கம்பியில் ஓடும் தந்திச் செய்தியோடு ஒப்பிட்டால் இது மிக மெதுவானது. ஆகவே நரம்பினுள் ஓடுவது, கம்பியினுள் ஓடுவது போன்ற வெறும் மின்னோட்டம் அன்று என்பதும், இழையின் ஒவ்வொரு பகுதியும் தன் பங்குக்கு ஒரு வேலையைச் செய்தே செய்தியை அடுத்த பகுதிக்கு நகர்த்துகின்றது என்பதும் பெறப்பட்டன. அவ்வேலை யாது என்பதை அறிய இன்னும் நூறாண்டு கழியவேண்டியதாயிற்று.

மதகுகளை ஒத்த வாயில்கள்

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரியுமிடத்தில் மேலணையின் மதகுகளைப் பார்த்தவர்களுக்கு இச்செய்தியின் இயல்பை விளக்குதல் எளிது. மதகு மூடியிருக்கும்போது அணையின் ஒருபுறம் நீர்மட்டம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் இருக்கின்றது. இம்மட்ட வேறுபாடே ஒரு சேமித்த வலிமை. மதகைச் சிறிது தூக்கினால் போதும். நீர் தானே பாயும்.

நரம்பிழையைச் சுற்றி மிக மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. சவ்வின் வெளிப்புறத்தே சோடியம் மிகுந்திருக்கின்றது. இது நாம் உண்ணும் உப்பில் உள்ள பொருளே. உட்புறத்தே பொட்டாசியம் மிகுந்திருக்கின்றது. இது வயலுக்கு இடும் பொட்டாஷ் உரத்தில் உள்ள பொருள். இவ்விரண்டும் மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களாக நீரிற் கரைந்திருக்கின்றன. சவ்வில் உள்ள ஓர் இயற்கை இறைப்பு இயந்திரம் இரவும் பகலும் ஓயாது, மூன்று சோடியத் துகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத் துகளை உள்ளிழுத்தவண்ணம் இருக்கின்றது. பொட்டாசியம் சிறிது சிறிதாக வெளியே கசிவதனால், இழையின் உட்புறம் வெளிப்புறத்தைக் காட்டிலும் ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்து நிற்கின்றது. கைவிளக்கில் இடும் 1.5 வோல்ட் பாட்டரியின் வலிமையில் இது இருபதில் ஒரு பங்கு எனலாம். இதுவே நரம்பின் நீர்மட்ட வேறுபாடு.

சவ்வு நெடுகிலும் தாமே திறந்து தாமே மூடும் நுண்ணிய வாயில்கள் அமைந்துள்ளன. சூடோ அழுத்தமோ வேறு தூண்டுதலோ பட்டு, உட்புறத்தின் மின்மட்டம் ஒரு குறித்த எல்லைக்கு உயர்ந்தவுடன், சோடிய வாயில்கள் திறக்கின்றன; சோடியம் உள்ளே பாய்கின்றது. தாழ்ந்திருந்த உட்புறம் கணப்பொழுதில் வெளிப்புறத்தைக் காட்டிலும் 30 அல்லது 40 மில்லிவோல்ட் உயர்கின்றது. உடனே சோடிய வாயில்கள் மூடிக்கொள்ள, பொட்டாசிய வாயில்கள் திறந்து பொட்டாசியம் வெளியேறுகின்றது; மட்டம் பழைய நிலைக்கு இறங்குகின்றது. இவ்வளவும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நடந்தேறுகின்றன.

ஓரிடத்தில் மட்டம் உயர்ந்ததும் அதனை அடுத்த இடத்தின் மட்டமும் சிறிது உயர்கின்றது. அங்குள்ள வாயில்கள் திறக்கின்றன. அதன்பின் அதற்கும் அடுத்தவை. வாய்க்காலின் ஓரத்து மடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே திறந்துகொண்டு போவதாக வைத்துக்கொண்டால் இது விளங்கும். ஒவ்வொரு மடையும் தன் எதிரிலுள்ள நீரையே பாய்ச்சுகின்றது. முதல் மடையின் நீர் கடைமடை வரையிற் செல்வதில்லை. நரம்பிலும் அவ்வாறே. காலிற் பாய்ந்த சோடியம் இடுப்பு வரையிற் பயணம் செய்வதில்லை; வாயில்கள் திறக்கும் நிகழ்ச்சியே பயணம் செய்கின்றது. ஆதலால் காலிற் புறப்பட்ட செய்தி, வழியிற் சிறிதும் வலி குன்றாமல் தண்டுவடத்தை அடைகின்றது. திறந்து மூடிய வாயில் சிறிது நேரம் மீண்டும் திறவாமையால், செய்தி வந்த வழியே திரும்பிப் போவதும் இல்லை.

இதனை ஐயமறக் காட்டியவர்கள் இங்கிலாந்து தேசத்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர். கடலில் வாழும் கணவாயின் உடலில் அரை மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட பருமனுள்ள இழை ஒன்று உண்டு. 1939-ஆம் ஆண்டில் அவ்விழையினுள் நுண்ணிய கருவியைச் செலுத்தி மின்மட்டம் ஏறி இறங்குவதை அளந்தனர். இடையே உலக யுத்தம் வந்து ஆராய்ச்சியை நிறுத்தியது. யுத்தம் முடிந்தபின் வேலையைத் தொடர்ந்து, 1952-ஆம் ஆண்டில் முழு விளக்கத்தை வெளியிட்டனர். 1963-ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பெற்றோருள் இவ்விருவரும் அடங்குவர்.

தூண்டுதலின் சிறுமையும் பெருமையும்

தூண்டுதல் எல்லைக்குக் குறைந்ததாயின் நரம்பிழை வாளாவிருக்கும். எல்லையைக் கடந்ததாயின் முழுச் செய்தியும் எழும். பாதிச் செய்தி என்பது இல்லை. வேட்டின் திரியில் நெருப்புப் பற்றிற்றா இல்லையா என்பதே கேள்வி. வைத்த நெருப்பு தீக்குச்சியா, தீப்பந்தமா என்பது பற்றித் திரிக்குக் கவலை இல்லை.

அங்ஙனமாயின் இளஞ்சூட்டிற்கும் கொதிசூட்டிற்கும் வேற்றுமையை உடல் அறிவது எவ்வாறு? தூண்டுதல் வலிதாக வலிதாக, ஓர் இழையில் விநாடி ஒன்றுக்கு எழும் செய்திகளின் எண்ணிக்கை கூடுகின்றது. செய்தி எழுப்பும் இழைகளின் தொகையும் கூடுகின்றது. கோயில் மணி ஒவ்வோர் அடியிலும் ஒரே அளவாக ஒலித்தாலும், அடிக்கும் விரைவைக் கொண்டு பூசையோ ஆபத்தோ என ஊரார் அறிவதை இதற்கு ஒப்பிடலாம்.

வரப்போரங்களில் வளரும் தொட்டாற்சுருங்கியும் தூண்டுதலுக்கு விடையளிக்கின்றது. செடிக்கு நரம்பு இல்லை. எனினும் அதன் இலையைத் தீண்டும்போது மின்மாறுதல் ஒன்று காம்பு வழியே ஓடுகின்றது என்பதைக் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுண்கருவிகளால் அளந்து காட்டினார். அம்மாறுதல் மெதுவாகவே நகரும். மனிதனின் நரம்போ பன்மடங்கு விரைவுடையது.

வேகம்

எல்லா இழைகளும் ஒரே வேகமுடையன அல்ல. பருத்த இழைகளின்மேல் கொழுப்பாலான உறை ஒன்று சுற்றியிருக்கின்றது. மின்கம்பியின்மேல் ரப்பர் உறை இருப்பதுபோல இதனைக் கொள்ளலாம். ஏறக்குறைய மில்லிமீட்டருக்கு ஒன்றாக இவ்வுறையில் இடைவெளிகள் உண்டு. உறையிட்ட இடங்களைத் தாண்டி, இடைவெளிக்கு இடைவெளி தாவிச் செய்தி செல்வதனால் வேகம் மிகுகின்றது. இத்தகைய இழைகளுள் சில விநாடிக்கு 120 மீட்டர் வரையிற் செய்தியைக் கடத்தும். 1987-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 72 மீட்டர். அதன் அடியிலிருந்து உச்சிக்கு இவ்வேகத்தில் ஏற ஒரு விநாடி முழுதும் வேண்டுவதில்லை. உறையில்லாத மெல்லிய இழைகளிலோ செய்தி விநாடிக்கு ஒரு மீட்டர் அளவே நகரும். அது மனிதன் மெல்ல நடக்கும் வேகமாம்.

மலைக்கோட்டைப் படியிற் கால்விரலை இடித்துக்கொண்டவர் இவ்வேற்றுமையைத் தம் உடலிலேயே அறிவார். முதலில் சுரீரென்று ஒரு வலி. சற்றுப் பொறுத்துக் கடுகடுவென்று மற்றொரு வலி. முன்னது உறையுள்ள இழை வழி வந்தது. பின்னது உறையில்லாத இழை வழி வந்தது.

கரையும் துறையும்

நரம்பிழை தசையைச் சேருமிடத்தில் இரண்டும் ஒட்டியிருப்பதில்லை. இடையே மிக நுண்ணிய இடுக்கு ஒன்று உண்டு. மின்மாறுதல் அவ்விடுக்கைத் தாண்டமாட்டாது. அங்கே செய்தி வேறு வாகனம் ஏறவேண்டும். ஆற்றங்கரை வரையில் வண்டியில் வந்தவர், துறையில் ஓடமேறி அக்கரை சேர்வதுபோல என்க.

அவ்வோடம் அசெட்டைல்கோலின் என்னும் ஒரு ரசாயனப் பொருள். 1921-ஆம் ஆண்டில் ஓட்டோ லோவி என்பவர் இரண்டு தவளை இருதயங்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒன்றன் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கி, அதனைச் சூழ்ந்த திரவத்தை எடுத்து மற்றொன்றன்மேல் விட்டார். தூண்டப்படாத அவ்விருதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பின் முனை ஏதோ ஒரு பொருளைச் சுரக்கின்றது என்பது இதனால் நிலைபெற்றது. தசைகளிலும் அதே பொருள் தொழில்படுவதை ஹென்றி டேல் என்பவரும் அவருடைய துணைவரும் காட்டினர். லோவியும் டேலும் 1936-ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

செய்தி நரம்பின் முனையை அடைந்ததும், அங்குச் சிறு பைகளிற் சேர்த்து வைத்துள்ள அசெட்டைல்கோலின் இடுக்கில் வெளிப்படுகின்றது. தசையின்மேல் அதனை ஏற்கும் துறைகள் உள்ளன. அத்துறைகளிற் சென்று பொருந்தியவுடன் தசை சுருங்குகின்றது. பின்னர் இடுக்கிலுள்ள ஒரு நொதிப்பொருள் அசெட்டைல்கோலினைச் சிதைத்துவிட, தசை தளர்ந்து அடுத்த கட்டளைக்கு ஆயத்தமாகின்றது. கை அசைவதும், இமை திறப்பதும், உணவு விழுங்குவதும், மார்பு விரிந்து மூச்சு உள்ளே செல்வதும் இவ்வோடத்தினாலேயே நடைபெறுகின்றன.

விஷம் புகும் இடம்

நல்லபாம்பின் விஷம் தசையின் மேலுள்ள துறைகளைப் பற்றிக்கொண்டு அடைத்துவிடுகின்றது. ஓடம் வருகின்றது, இறங்கத் துறை இல்லை. கட்டுவிரியனின் விஷம் இதனோடு நில்லாமல், நரம்பின் முனையையே தாக்கி, அசெட்டைல்கோலின் பைகளை வற்றச் செய்து, முனையைச் சிதைத்துவிடுகின்றது. அப்போது ஓடமே இல்லாமற் போகின்றது. தைவான் தீவில் சாங், லீ என்னும் அறிஞர் இருவர், கட்டுவிரியனின் இனத்தைச் சேர்ந்த அந்நாட்டுப் பாம்பு ஒன்றன் விஷத்திலிருந்து இப்பொருள்களைப் பிரித்தெடுத்து 1963-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

கட்டுவிரியன் இரவில் உலவுவது. தரையில் உறங்குவோரைத் தீண்டும்போது வலியும் வீக்கமும் பெரும்பாலும் தோன்றுவதில்லை. பல்லின் வடுவும் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கலாம். விடியற்காலையில் ஒருவர் வயிற்றுவலி என்று எழுந்து, பின்னர் இமைகள் கீழே தொங்க, பேச்சுக் குழற, விழுங்க இயலாமல் தவிப்பாராயின், பாம்பைக் கண்டார் எவரும் இல்லை என்றாலும் கட்டுவிரியன் கடி என்றே ஐயுறுதல் வேண்டும். கடித்துச் சில மணி நேரம் ஒன்றும் தோன்றாதிருத்தலும் உண்டு. நல்லபாம்பு கடித்தவிடத்திலோ வலியும் வீக்கமும் காணும். இமை தொங்குதல் விரைவிலேயே தொடங்கலாம். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் பெரும்பாலும் இரத்தத்தைக் கெடுப்பன. அவற்றின் கடியும் கொடியதேயாயினும் அது வேறு வழியிற் செல்வது.

இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இவ்விஷம் மூளையைக் கெடுப்பதன்று. நரம்பிழை கெடாது, இருதயமும் துடித்துக்கொண்டிருக்கும். கட்டளை தசையைச் சேராமையால், இமை திறவாது, நா அசையாது, கை எழாது. ஆனால் உள்ளிருப்பவர் அறிவோடு இருந்து, சுற்றத்தார் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இறுதியில் மூச்சுத் தசைகளும் நின்று, காற்றின்மையால் உயிர் நீங்குகின்றது. எனவே, மூச்சு நின்றவருக்கு இயந்திரத்தின் உதவியால் மூச்சளித்து வந்தால் அவர் பிழைப்பார். சிதைந்த நரம்பு முனைகள் சில நாளிலோ சில வாரத்திலோ மீண்டும் வளர்ந்து, தசைகள் பழையபடி அசையத் தொடங்கும். கண் திறவாமலும் அசையாமலும் கிடப்பவரை இறந்தார் என்று வீட்டார் தாமே முடிவு செய்துவிடுதல் ஆகாது.

பூச்சிமருந்து செய்யும் மறுதலை

இதே இடுக்கில் நேர்மாறாகத் தீங்கு விளைப்பன பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் ஒரு பிரிவான ஆர்கனோபாஸ்பேட்டுகள். அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அவை செயலறச் செய்கின்றன. ஓடங்கள் வந்து துறையை விட்டு நீங்காமல் நெரிகின்றன, கட்டளை ஓய்வதில்லை. வியர்வையும் உமிழ்நீரும் பெருகி, கண்மணி சிறுத்து, தசைகள் துடித்து, முடிவில் மூச்சுத் தடைப்படும். இம்மருந்து தோல் வழியாகவும் உட்புகும். ஆதலின் மருந்து பட்ட துணியை உடனே களைந்து, உடலைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

முறிமருந்தும் ஒரு கூட்டுறவுச் சங்கமும்

பாம்பு விஷத்திற்கு முறிமருந்து செய்யும் முறை யாதெனில், விஷத்தை மிகச் சிறிய அளவில் தொடங்கிக் குதிரைக்கு ஏற்றி வந்தால், அதன் இரத்தத்தில் விஷத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் உண்டாகின்றது. அதனைப் பிரித்துத் தூய்மை செய்து குப்பியில் அடைக்கின்றனர். இந்தியாவில் வழங்கும் முறிமருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கனுக்கும் பொதுவானது. ஆதலின் கடித்த பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை.

மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சேகரிப்பதில் முதன்மையான இடம் வகிப்பது தமிழ்நாட்டின் ஒரு கூட்டுறவுச் சங்கமே என்பது அங்கத்தினர் பலரும் அறியாதது. இந்தியாவின் முதற் கூட்டுறவு நாணயச் சங்கம் 1904-ஆம் ஆண்டில் அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் தோன்றியது. அதே நிலப்பகுதியில், வடநெம்மேலி என்னும் ஊரில், 1978-ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்றது. இருளர்கள் முன்னர்ப் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்று வந்தவர்கள். அவ்வியாபாரம் தடுக்கப்பட்டபின் பிழைப்பற்று நின்றனர். ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர் துணைநிற்க, அவர்களது பரம்பரை அறிவையே மூலதனமாகக் கொண்டு இச்சங்கம் எழுந்தது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்துக் காத்து, மூன்று வார காலத்திற்குள் நான்கு முறை விஷம் எடுத்து, அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். இருளருள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

முறிமருந்து, இரத்தத்தில் திரியும் விஷத்தைப் பற்றி அழிக்கவல்லது. சிதைந்துபோன நரம்பு முனையை அது செப்பனிடாது. நேரம் கடக்குந்தோறும் முனைகள் மேலும் சிதையும் என்பதை எண்ணினால், விரைந்து செல்வதன் அவசியம் தெளிவாகும். குழந்தை உடலிலும் பாம்பு செலுத்தும் விஷம் அதே அளவாதலால், சிறுவருக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே. சிலருக்கு இம்மருந்து ஒவ்வாமை விளைக்கக்கூடும்; அதனாலேயே மருத்துவர் அருகிலிருந்து ஆஸ்பத்திரியில் அதனை ஏற்றுகின்றனர்.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டுள்ளது. அவருட் பெரும்பாலார் கிராமவாசிகள். 2024-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டு அரசினர் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயமாக அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தனர்.

கடியுண்டவரை அச்சந் தீர்த்து, நடக்கவிடாமல் படுக்கவைத்தல் வேண்டும். மோதிரம், காப்பு, மெட்டி முதலியவற்றைக் கழற்றுதல் வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோலச் சிம்பு வைத்து அசையாமல் நிறுத்தி, 108 எண்ணுக்குச் சொல்லி, அல்லது கிடைத்த வாகனத்தில், நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். ஸ்ரீரங்கம், லால்குடி, முசிறி, மணப்பாறை ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. திருச்சிராப்பள்ளி நகரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை உளது. வழியில் மூச்சு நிற்குமாயின், ஒருவர் வாயோடு வாய் வைத்து மூச்சளித்துக்கொண்டே செல்லலாம்.

கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியவை தகா. இறுகக் கட்டினால் உறுப்புக்கு இரத்தம் செல்லாது அழுகும். விஷம் மட்டும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. மந்திரித்தலும் பச்சிலை கொடுத்தலும் பலித்ததாகச் சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு. பாம்புகளிற் பல விஷமற்றவை. விஷமுள்ள பாம்பும் சில வேளை விஷம் செலுத்தாமலே கடிக்கும். அங்ஙனம் கடியுண்டோர் ஒன்றும் செய்யாவிடினும் பிழைத்திருப்பர். விஷம் ஏறியவருக்கோ மந்திரத்திற் கழித்த நேரமே உயிரை வாங்கும்.

சங்கங்கள் ஆற்றத்தக்க பணி

வருமுன் காத்தலே சாலச் சிறந்தது. தரையை விட்டுக் கட்டிலிற் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாயின்கீழ் நன்றாகச் செருகிக்கொள்வதும் கட்டுவிரியனைத் தடுக்கும் எளிய வழிகள். இரவில் மோட்டார் போடவோ மடை திறக்கவோ செல்பவர், கைவிளக்கும் காலணியும் கோலும் இன்றிச் செல்லலாகாது. வைக்கோற்போரும் விறகடுக்கும் வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தால் எலி சேரும்; எலியைத் தேடிப் பாம்பு வரும்.

உரமும் விதையும் விற்கும் சங்கங்கள், முழங்கால் அளவு ரப்பர்ச் செருப்பையும், கைவிளக்கையும், கொசுவலையையும் மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்குக் குறைந்த விலையில் அளிக்கலாம். அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரையும், இரவில் வாகனம் தரச் சம்மதித்த இருவர் மூவரின் பெயரையும் எழுதிச் சங்கத்தின் வாயிலில் ஒட்டலாம். முறிமருந்து கைவசம் உள்ளதா என்று ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் மருத்துவமனையிற் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு கூட்டத்தில் தீர்மானித்து ஒருவரைப் பொறுப்பாளராக வைத்தாற் போதும்.

விடியற்காலையில் இமை தொங்கி எழும் ஒருவரைக் கண்டு, இது நரம்பின் செய்தி தசையைச் சேராத நிலை என்று அறிந்து, கூடி நின்று பேசாமல் வண்டியைப் பூட்டும் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பாராயின், நஞ்சுண்டவர் மீண்டும் கண் திறப்பார்.